பெயர் மாற்றிய ஃபிலிமும் பதில் சொல்லாத பெட்டியும்

நீளமான பதிவு. கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் இன்னும் படம் எடுப்பவர்களும், புதிதாக எடுக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களும் பொறுமையாகப் படித்தால் போதும். மற்றவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுக் கடந்து போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஃபிலிம் விற்கும் சில கனவான்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. 36 படம் என்று ஒரு ரோல் விற்கிறீர்கள். பெட்டிக்கு அழகான ஓவியம் போடுகிறீர்கள். அந்தக் காலத்து எழுத்து. கவிதை மாதிரி ஓர் ஆங்கிலப் பெயர். கீழே 400 என்று ஓர் எண். எல்லாம் சரி. அதை எந்த டெவலப்பரில், எந்த அளவில் கலந்து, எத்தனை டிகிரியில், எத்தனை நிமிடம் கழுவ வேண்டும் என்ற ஒரு வரியை மட்டும் ஏன் போடுவதில்லை? கேட்டால் "ஸ்டாண்டர்டு டைம் போடுங்க சார், நல்லா வரும்" என்று ஒரு பதில் வருகிறது.

ஸ்டாண்டர்டு டைம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது ஐயா. முப்பத்து மூன்று வருடம் வேதியியல் நடத்தியவன் சொல்கிறேன், வினைக்கு நேரம் சொல்ல வேண்டுமென்றால் வினைபடு பொருள் என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். பதினோராம் வகுப்புப் பையனுக்குத் தெரியும் இது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஃபிலிமின் மேல் ஜெலட்டினில் வெள்ளி ஹாலைடு படிகங்கள் இருக்கின்றன. ஒளி பட்ட படிகங்களை டெவலப்பர் உலோக வெள்ளியாக மாற்றுகிறது. நேரம் கூடக் கூட, ஒளி அதிகம் பட்ட இடங்கள் மேலும் மேலும் கறுக்கும். ஒளி குறைவாகப் பட்ட நிழல் பகுதி ஒரு கட்டத்துக்குமேல் அதிகம் மாறாது. ஆக, கழுவும் நேரம் என்பது கான்ட்ராஸ்ட்டைத் தீர்மானிக்கிற விஷயம். நிழலுக்கு ஒளி கொடு, வெளிச்சத்துக்கு நேரம் கொடு என்று பழைய ஸ்டூடியோக்காரர்கள் சொல்வது இதைத்தான். ஃபெர்டினாண்ட் ஹர்ட்டரும் வெரோ டிரிஃபீல்டும் இதை வளைகோடாக வரைந்து அச்சிட்டது 1890இல். அதற்குப் பிறகு பிறந்த எந்த விற்பனையாளரும் "எல்லாம் ஒரே மாதிரிதான்" என்று சொல்ல முடியாது.

வேகம் ஒன்றாக இருந்தால் நேரமும் ஒன்றாக இருக்குமே என்று சிலர் நினைக்கிறார்கள். உலகத்திலேயே மிகப் பிரபலமான இரண்டு 400 ஃபிலிம்களை எடுத்துக்கொள்ளுங்கள். இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ், கோடக் டிரை-எக்ஸ். இரண்டும் டி-76இல், 20 டிகிரியில். தண்ணீர் கலக்காத கரைசலில் முன்னதற்கு 7½ நிமிடம், பின்னதற்கு 6¾. ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் 11 நிமிடம், 9¾ நிமிடம். இவை தயாரிப்பாளர்களே அச்சிட்ட எண்கள். யார் செய்தது என்று வெளிப்படையாகத் தெரிந்த இரண்டுக்கே இந்த வித்தியாசம் என்றால், யார் செய்தது என்றே தெரியாத மூன்றாவதற்கு நான் எந்த எண்ணைப் போடுவது?

பெயர் மாற்றி விற்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் அடிக்க வருவீர்கள். உலகத்தில் இன்று கறுப்பு-வெள்ளை ஃபிலிம் பூசுகிற தொழிற்சாலைகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். இங்கிலாந்தில் மாபர்லியில் ஹார்மன். அமெரிக்காவில் ராச்செஸ்டரில் கோடக். செக் நாட்டில் ஃபோமா, 1921இலிருந்து இருக்கிறது. பெல்ஜியத்தில் மோர்ட்செல்லில் அக்ஃபா-கெவர்ட். ஜெர்மனியில் ஓர்வோ. சீனாவில் ஓரிரண்டு. ஆனால் கடை அலமாரியில் பெயர்கள் மட்டும் டஜன் கணக்கில். கணக்குப் போட்டுப் பாருங்கள். புதுப் பெயர்களில் பெரும்பாலானவை பழைய ஃபிலிம்கள்தான்.

ஒரே மில் அரிசி பத்துக் கடைப் பையில் வருகிறதே, அதுபோலத்தான். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, பல நேரம் விலையும் குறைவு. ஆனால் பையில் பழைய அரிசியா புது அரிசியா, பச்சரிசியா புழுங்கலா என்று போடாமல் வெறும் "அரிசி" என்று போட்டால் வீட்டில் எத்தனை தம்ளர் தண்ணீர் வைப்பார்கள்? முதல் நாள் குழையும், மறுநாள் விறைக்கும். அரிசியாவது மறுநாள் மறுபடி வடிக்கலாம். எடுத்த ஃபிலிமை மறுபடி கழுவ முடியாது.

ஒரு காலத்தில் நம் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலை இருந்தது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960இல் தொடங்கி, பிரான்சின் போஷே நிறுவனத் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்திக்கு வந்தது. "இந்து" என்ற பெயர் என் தலைமுறை ஸ்டூடியோக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தரத்தைப் பற்றி ஆயிரம் சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்பது தெரிந்திருந்தது. 1996இல் அது நலிவுற்ற நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது, பிறகு மெல்ல மெல்ல மூடப்பட்டது. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இப்போது குழப்பத்தின் உச்சத்துக்கு வருவோம். பெயர் மாறினால் கூடப் பரவாயில்லை. பெயர் அப்படியே இருந்து ஃபிலிம் மாறினால்?

அக்ஃபா நிறுவனம் 2004இல் தன் நுகர்வோர் ஃபிலிம் பிரிவைத் தனியாகப் பிரித்து விட்டது. அக்ஃபாபோட்டோ என்ற அந்தப் புது நிறுவனம் மறு வருடமே திவாலானது. ஜெர்மனியில் லெவர்குசனில் செய்த ஏபிஎக்ஸ் ஃபிலிம் அத்தோடு போயிற்று. மீந்த சரக்கு ரோலை ரெட்ரோ 100, ரெட்ரோ 400 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. (ரோலைஃபிளெக்ஸ் கேமரா நினைவிருக்கிறதா? அந்தப் பெயரை உரிமம் வாங்கி ஃபிலிம் பெட்டியில் போட்டவர்கள் வேறு ஆட்கள்.) அது தீர்ந்த பிறகு வந்தவை ரெட்ரோ 80எஸ், ரெட்ரோ 400எஸ். ஒரே ஓர் எழுத்து, "எஸ்". உள்ளே இருப்பதோ முற்றிலும் வேறு ஃபிலிம். மோர்ட்செல்லில் வானத்திலிருந்து படம் எடுப்பதற்காகச் செய்த ஏவிஃபாட் வகை. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கூட வேறு. இதற்கு நடுவில் ஏபிஎக்ஸ் என்ற பெயரும் திரும்பி வந்துவிட்டது, லெவர்குசனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இன்னொரு ஃபிலிமின் மேல்.

இனி, ஒரு பையன் இணையத்தில் "ஏபிஎக்ஸ் 400 டெவலப்பிங் டைம்" என்று தேடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடத்துக்கு முன் யாரோ நல்லெண்ணத்தோடு எழுதி வைத்த நேரம் வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன ஃபிலிம் இன்று இல்லை, அவ்வளவுதான். பையன் அதை நம்பிக் கழுவுகிறான். யார் பொறுப்பு?

இணைய அட்டவணைகளை நான் குறை சொல்லமாட்டேன். மாஸிவ் டெவ் சார்ட் போன்றவை பெரிய சேவை. நானே தினமும் பார்க்கிறேன். ஆனால் அதில் தயாரிப்பாளர் தந்த எண்ணும் இருக்கிறது, என்னைப் போன்ற ஆசாமிகள் சொந்த அனுபவத்தில் அனுப்பிய எண்ணும் இருக்கிறது. கைபேசிச் செயலியில் அது ஒரே மாதிரிக் கடிகாரமாக, வினாடி சுத்தமாக ஓடுகிறது. 9 நிமிடம் 30 வினாடி என்று பார்த்ததும் ஏதோ ஆய்வகத்தில் அளந்த மாதிரி ஒரு பக்தி வந்துவிடுகிறது பிள்ளைகளுக்கு. யார் அளந்தது, எந்தத் தண்ணீரில், எப்படி ஆட்டினார், எந்த வருடத்துப் பெட்டி என்று கேட்கப் பழக வேண்டும். வகுப்பில் "விடை சரி, வழிமுறை எங்கே?" என்று நான் கேட்டால் முறைப்பார்கள். இங்கேயும் அதே கேள்விதான்.

இந்த ஊரில் இன்னொரு சங்கடம் உண்டு. வெளிநாட்டு அட்டவணை எல்லாம் 20 டிகிரிக்கு. எங்கள் திருச்சியில் சித்திரை மாதம் குழாயைத் திறந்தால் ரசம் வைக்கலாம். ஐஸ் கட்டியை பிளாஸ்டிக் பையில் கட்டி டெவலப்பர் பாத்திரத்தைச் சுற்றி வைத்து, தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். வெப்பம் கூடினால் நேரம் குறையும். 20 டிகிரியில் 4 நிமிடம் என்றால் 23 டிகிரியில் 3 நிமிடம், 16 டிகிரியில் 6 நிமிடம் என்று இல்ஃபோர்டு தன் தாள்களில் உதாரணமே கொடுத்திருக்கிறது. அப்படித் திருத்திக்கொள்வதற்கும் முதலில் ஓர் அடிப்படை எண் வேண்டும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத்திட்டாக வரும் அபாயம் வேறு. அடிப்படை எண்ணே ஊகம், அதன் மேல் வெப்பத் திருத்தம் இன்னொரு ஊகம். ஊகத்தை ஊகத்தால் பெருக்கினால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

போன மாசி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவே.

என்னிடம் படித்த பெண், இப்போது கோவையில் வேலை. சொந்த ஊரில் அவர்கள் பூர்வீக வீடு நான்குவழிச் சாலைக்காக இடிபடப் போகிறது. இடிப்பதற்கு இரண்டு நாள் முன்னால் போய், திண்ணையில் தாத்தாவையும் அப்பத்தாவையும் உட்கார வைத்து, தூண், முற்றம், நெல் குதிர், மாட்டுக் கொட்டகை என்று இரண்டு ரோல் எடுத்திருக்கிறாள். ஃபிலிம், இணையத்தில் ஒருவரிடம் வாங்கியது. பெயர் சொல்லப் போவதில்லை, அவர் ஒருவர் மட்டும் இப்படி இல்லை. பெட்டியில் 400. கழுவும் நேரம் கேட்டதற்கு "பிரபலமான அந்த 400தான் மேடம், அதே டைம் போடுங்க" என்று பதில். முதல் ரோலை ஒரு லேபில் கொடுத்தாள், அவர்களும் அதே நேரத்தைப் போட்டார்கள்.

நெகட்டிவை என் மேசைமேல் வைத்து, "சார், நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றாள்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றேன்.

திண்ணைக்குள்ளே நிழலில் இருந்தது எதுவும் இல்லை. வெறும் கண்ணாடி. தாத்தாவின் வேட்டி வெயிலில் பட்ட இடம் நெகட்டிவில் கரிக்கட்டி மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பின்னால் இருந்த வேப்பமரம் வெள்ளை பூத்தது போல வெளிறிப் போயிருந்தது. அப்பத்தாவின் நெற்றியில் எட்டணா அளவு குங்குமம் உண்டு, எனக்கே தெரியும் அந்த அம்மாவை. படத்தில் நெற்றி சுத்தமாக இருந்தது. பொட்டு காணோம்!

சாதாரண ஃபிலிமில் குங்குமம் நடுத்தரச் சாம்பலாக விழும், பச்சை இலையும் அப்படித்தான். சிவப்புக்கும் அதைத் தாண்டியும் உணர்வு நீட்டிக்கப்பட்ட ஃபிலிமில் சிவப்பு வெளுக்கும், இலையும் வெளுக்கும். நெகட்டிவின் ஓரத்தைக் கையால் கிழித்துப் பார்த்தேன், கிழியவில்லை. வழக்கமான 35 மி.மீ. ஃபிலிம்கள் பெரும்பாலும் டிரைஅசிட்டேட், கிழியும். இது பாலியெஸ்டர், கண்ணாடி போலத் தெளிவு. ஓரத்தில் பெயர் இல்லை, எண்கள் மட்டும். நூற்றுக்கு நூறு என்று நீதிமன்றத்தில் சொல்ல மாட்டேன். ஆனால் வான்வழிப் படத்துக்கோ கண்காணிப்புக்கோ செய்த வகை, பெட்டியில் சொன்ன "பிரபலமான அந்த 400" நிச்சயம் இல்லை. இந்த வகை நிழலில் 400 வேகம் தராது, கான்ட்ராஸ்ட்டும் இயல்பிலேயே அதிகம். ஜப்பான் கேமரா ஹண்டர் 2016இல் ஸ்ட்ரீட் பான் என்ற பெயரில் இப்படி ஒன்றைக் கொண்டு வந்தபோது, இது கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஃபிலிம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அதைத் தெரிந்து வாங்குபவன் தெரிந்து எடுப்பான். இந்தப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பே தரப்படவில்லை.

இரண்டாவது ரோல் இன்னும் கழுவாமல் இருந்தது. 30 படம்தான் எடுத்திருந்தாள், சுற்றி உள்ளே இழுத்தாயிற்று. அந்த மீதி ஆறு படத்தில்தான் பிழைத்தோம். நாக்கை வெளியே எடுத்து, அதே கேமராவில் மறுபடி போட்டு, லென்ஸை மூடிக்கொண்டு 31 முறை தட்டினோம். ஒன்று இடைவெளிக்கு. மீதி ஐந்தில் சோதனை: வெயிலில் காயப் போட்ட வெள்ளை வேட்டி, பக்கத்தில் கறுப்புக் குடை, சாம்பல் நிற அட்டை, எல்லாம் ஒரே சட்டத்தில், அவள் அன்று வைத்த அதே 400 கணக்கில். பிறகு இருட்டுப் பையில் கைவிட்டு, கடைசிப் பகுதியை அளந்து வெட்டினோம். ஒரு படத்துக்கு எட்டுத் துளை, 38 மில்லிமீட்டர். ஐந்து படம் 19 சென்டிமீட்டர். வெட்டியதை இரண்டு துண்டாக்கி, டி-76 ஒன்றுக்கு ஒன்றில், 20 டிகிரியில், ஒன்று ஒன்பது நிமிடம், இன்னொன்று பன்னிரண்டு. பன்னிரண்டில் வேட்டி அடைத்துவிட்டது. ஒன்பதில் இழை தெரிந்தது, ஆனால் குடைப்பக்கம் சோகை. பத்து நிமிடம், மெதுவாக ஆட்டுவது என்று முடிவு செய்து அவள் ரோலைக் கழுவினோம்.

நிழலில் பதியாதது பதியாததுதான். அதை எந்த டெவலப்பரும் கொண்டு வராது. ஆனால் இந்த ரோலில் தாத்தாவின் வேட்டி வேட்டியாக இருக்கிறது, முகச்சுருக்கம் இருக்கிறது. முற்றத்துப் படங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. முதல் ரோலில் இருந்த திண்ணை போனது போனதுதான். வீடு இப்போது இல்லை.

இந்தப் பத்து நிமிடத்தை யாரும் குறித்துக்கொள்ளாதீர்கள். அது அந்த ரோலுக்கு, என் தெர்மாமீட்டருக்கு, என் கைக்கு. அதே கடையில் அதே பெட்டியை நாளை வாங்கினால் உள்ளே அதே ஃபிலிம்தானா என்பதற்கே உத்தரவாதம் இல்லை. பெட்டியில் பேட்ச் எண் கிடையாது.

இதைப் பேசும்போதெல்லாம் மூன்று சமாதானம் வரும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

"தயாரிப்பாளர் பெயரைச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம்." இருக்கட்டும் ஐயா. பெயரை யார் கேட்டது? நேரத்தைத்தானே கேட்கிறோம். மருந்துக் கடையில் எத்தனை கம்பெனிப் பெயரில் மாத்திரை வந்தாலும் அட்டையில் பாராசிட்டமால் இத்தனை மில்லிகிராம் என்று இருக்கிறது. யார் ஆலையில் அடித்தார்கள் என்பதா எனக்கு முக்கியம்? எத்தனை வேளை போடலாம் என்பது முக்கியம். சொல்ல மனமிருப்பவர்கள் பெயரையும் சொல்கிறார்கள். சினிஸ்டில் தன் பிடபிள்யூ-எக்ஸ்எக்ஸ் ரோல் ஈஸ்ட்மன் டபுள்-எக்ஸ் சினிமா ஃபிலிம்தான் என்று மறைக்காமல் சொல்லி விற்கிறது. வியாபாரம் படுத்தா போய்விட்டது?

"விலை குறைவாகக் கொடுக்கிறோமே, இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" இந்த வாதம்தான் எனக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றுகிறது. விலை குறைவானதை வாங்குகிறவன் யார்? கல்லூரிப் பையன், முதல் சம்பளம் வாங்கிய பெண். இருட்டறையும் டென்சிட்டோமீட்டரும் வைத்திருக்கும் பணக்காரன் தன் சோதனையைத் தானே செய்துகொள்வான். தகவல் அதிகம் தேவைப்படுகிறவனிடமிருந்துதான் தகவலை மறைக்கிறீர்கள். சோதனைக்கு ஒரு ரோல் வீணாக்கு என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் விலை இரண்டு ரோலின் விலை என்று போடுங்கள். ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃபோமா விலை மலிவான ஃபிலிம்தான். ஆனால் அதன் தரவுத்தாளைத் திறந்தால் டெவலப்பருக்கு டெவலப்பர், நேரம் கூடும்போது கான்ட்ராஸ்ட், வேகம், மூட்டம் எப்படி மாறுகிறது என்று வளைகோடு போட்டே காட்டியிருக்கிறார்கள். மலிவாக விற்பதற்கும் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கும் சம்பந்தம் இல்லை.

மூன்றாவது சமாதானம் விற்பவர்களிடமிருந்து வருவதில்லை, நம் ஆட்களிடமிருந்தே வருகிறது. "எதுக்கு சார் டென்ஷன், ரோடினால்ல நூத்துக்கு ஒண்ணு கலந்து ஒரு மணி நேரம் அப்படியே வெச்சிருங்க, எந்த ஃபிலிமா இருந்தாலும் வந்துரும்." வரும். ஏதோ ஒன்று வரும். ரோடினால் 1891இலிருந்து இருக்கிற அருமையான டெவலப்பர், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆட்டாமல் வைத்தால் துளை ஓரங்களில் கோடு கோடாக இழுப்பதும், வானம் திட்டுத்திட்டாவதும் கழுவியவர்களுக்குத் தெரியும். கான்ட்ராஸ்ட் அதிகமான ஃபிலிமும் சாந்தமான ஃபிலிமும் அதில் ஒரே மாதிரி வந்துவிடாது. பிறகு ஸ்கேன் செய்து கணினியில் இழுத்து நிமிர்த்திவிட்டு "பாத்தீங்களா, சூப்பர்" என்கிறார்கள். எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம் கொடுக்கிற வைத்தியரிடம் நீங்கள் போவீர்களா? விற்பவர் சொல்லாமல் விட்டதை நாம் சாமர்த்தியமாக மூடி மறைத்துக் கொடுக்கிறோம், அவருக்கு இலவச சேவை.

"எல்லாம் ஹார்மன் செய்யுதுன்னா உள்ள ஹெச்பி5தான் இருக்கும்" என்கிற ரகசியம் தெரிந்தவர்களும் உண்டு. கென்ட்மியர் பிராண்டை ஹார்மன் 2007இல் வாங்கியது. கென்ட்மியர் 400, ஹெச்பி5 பிளஸ் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே பூசப்படுகின்றன. இரண்டுக்கும் தனித்தனித் தரவுத்தாள் போட்டிருப்பது பொழுது போகாமலா? ஒரே அடுப்பில் வைத்ததால் சாம்பாரும் பாயசமும் ஒன்றாகிவிடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011ஆம் வருடத்துப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, சில்லறை விற்பனைக்கு வரும் பொட்டலத்தில் தயாரிப்பவர் அல்லது பொட்டலமிடுபவர் அல்லது இறக்குமதி செய்பவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், விலை இருக்க வேண்டும். நூறு அடிச் சுருள் வாங்கி, வீட்டில் கையால் சுற்றி, பழைய கேசட்டில் அடைத்து, மேலே ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறீர்களே, நூறு அடிக்குப் பதினெட்டு ரோல் வரும், அந்தப் பதினெட்டிலும் இவை இருக்கின்றனவா? சட்டம் கழுவும் நேரத்தைக் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்காததால் சொல்லக் கூடாது என்று அர்த்தமில்லை. கைச்சுற்று வேலையை நான் இழிவாகப் பேசவில்லை, அதனால்தான் பல பிள்ளைகள் இன்று ஃபிலிமைத் தொடுகிறார்கள். சுருள் வந்த டப்பாவின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்து அப்படியே எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். அந்தத் தகவல் உங்கள் கையில் இருக்கிறது. கிழித்துப் போடுவது நீங்கள்தான்.

கேட்பது அதிகமில்லை, தீப்பெட்டி அளவு சீட்டு. டி-76, ஹெச்சி-110, ரோடினால் மூன்றுக்கும் 20 டிகிரியில் நேரம். எப்படி ஆட்டி அளந்தது என்று ஒரு வரி. அடித்தளம் அசிட்டேட்டா பாலியெஸ்டரா, ஏனென்றால் பாலியெஸ்டர் வெளிச்சத்தைக் குழாய் மாதிரி உள்ளே இழுக்கும், நிழலில்தான் கேமராவில் போட வேண்டும். பேட்ச் எண். நிழலில் உண்மையான வேகம் எவ்வளவு என்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

அதுவரை வாங்குகிறவர்களுக்கு: சீட்டு இல்லாத ஃபிலிமைத் திரும்ப எடுக்க முடியாத எதற்கும் போடாதீர்கள். கல்யாணம், காதுகுத்து, வயதானவர்கள், இடியப் போகிற வீடு எதற்கும் வேண்டாம். தெருவில் நாய்க்குட்டியை எடுங்கள். ஒரே பெட்டியில் மூன்று ரோல் சேர்த்து வாங்கி, ஒன்றில் சோதனை செய்யுங்கள். வேட்டி, குடை, அட்டை போதும், மூன்று துண்டு, மூன்று நேரம். ஃபிக்ஸருக்கு மட்டும் கவலை இல்லை. நாக்குத் துண்டை வெட்டி வெளிச்சத்திலேயே ஃபிக்ஸரில் போட்டு, பால்நிறம் போய்த் தெளிகிற நேரத்தைப் பார்த்து, அதைப்போல் இரண்டு மடங்கு வைத்தால் போதும். டெவலப்பருக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. வெளிச்சத்தில் நாக்கு கறுப்பதைப் பார்த்து நேரம் சொல்கிறேன் என்பவர்களை நம்பாதீர்கள், கறுக்கும் என்பது தெரியும், கான்ட்ராஸ்ட் தெரியாது.

சோதனை செய்தவர்கள் எண்ணை மட்டும் போடாமல் பெட்டியின் படம், வாங்கிய மாதம், அடித்தளம் கிழிந்ததா இல்லையா, கேசட் உலோகத்தின் மேல் உள்ள பட்டைக்குறி, நெகட்டிவ் ஓரத்து எழுத்து, எல்லாம் சேர்த்து எழுதுங்கள். கமெண்டில் போட்டாலும் சரி, எனக்குத் தனியாக அனுப்பினாலும் சரி. ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை பதினொரு பெட்டி. அதில் நேரம் அச்சிட்டிருந்தது நான்கில்.

மீதி ஏழு விற்பனையாளர்களுக்கும் ஆளுக்கு ஒரு அஞ்சலட்டை போட்டிருக்கிறேன். மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை, அஞ்சலட்டைக்காவது வருகிறதா பார்ப்போம். வந்தால் இங்கேயே போடுகிறேன்.